வாவிக்கு அந்தப் பக்கம்: போர் பிரித்த காதலர் பாட்டைப் படிக்கத் தொடங்குபவருக்கு

வளசரவாக்கத்தில் எங்கள் தெருவில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஓர் அம்மா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். மாலையில் மாடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது நான்கு வரிக் கவி ஒன்றை முணுமுணுப்பார். முதல் தடவை அதில் 'மச்சி' என்ற சொல் காதில் விழுந்ததும், யாரோ பையன் தன் கூட்டாளியை நினைத்துப் பாடுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். சென்னைக் காது வேறு எப்படிக் கேட்கும்? மட்டக்களப்புக் கவிகளில் மச்சி என்றால் மாமன் மகள், முறைப்பெண். ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதில் ஒரு காதல் பாட்டு முழுவதும் எனக்கு நட்புப் பாட்டாகிவிட்டது.

அப்படித் தப்பாகக் கேட்டவன் எழுதும் வழிகாட்டி இது. உள்நாட்டுப் போரில் பிரிந்த காதலரைப் பற்றிய நாட்டார் பாட்டு ஒன்று கையில் கிடைத்தால் அதை எங்கிருந்து தொடங்கி எப்படிப் படிப்பது என்று சொல்லப் பார்க்கிறேன். உதாரணங்கள் எல்லாம் 1983 முதல் 2009 வரை நடந்த இலங்கைப் போரைச் சுற்றியவை, பெரும்பாலும் கிழக்கு மாகாணத்தவை.

படித்துப் பழக ஒரு பாட்டு வேண்டும். ஊரில் உண்மையாகப் பாடப்படும் பாட்டை எடுத்து அறுத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்படிப் பல பாட்டுகளுக்குப் பின்னால் இன்னும் உயிரோடு இருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் கிழக்கிலங்கைக் கவியின் சாயலில் மூன்று கவிகளை நானே கட்டினேன். நாட்டார் பாட்டு என்று யாரும் இதைச் சேகரித்துவிட வேண்டாம். வெறும் பயிற்சிப் பாட்டு.

வட்டைக்குக் காவலெண்டு
வாவி தாண்டிப் போன மச்சான்
தோணி மட்டும் வந்திருக்கு
துணையை எங்க விட்டதுவோ

கூரைக்குக் கிடுகு பின்னிக்
குவிச்சு வச்சேன் வாசலில
வளவிருக்கு வாசலில்ல
வந்து நிப்பாய் எவ்விடத்தில

பேர் சொல்லிக் கூப்பிட்டா
பெருந்தெருவு கேட்குமெண்டு
மீன்பாடும் நேரத்தில
மெல்ல உன்னைப் பாடுறன் நான்

முதலில் காது, அப்புறம் பேனா

பாட்டு ஒலியாகக் கிடைத்தால் எழுதுவதற்கு முன் மூன்று தடவையாவது கேளுங்கள். எந்தச் சொல்லில் குரல் இழுக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். வயல் வேலையிலும் பரணில் காவல் இருக்கும் இரவிலும் பாடிப் பழகிய வடிவம் இது. மேளம் தாளம் எதுவும் தேவையில்லை, வரி முடிவில் நீட்டினால் போதும். தமிழரும் பாடினார்கள், முஸ்லிம்களும் பாடினார்கள். இதை இப்போதே மனதில் முடிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எழுதும்போது காதில் விழுந்தபடியே எழுதுங்கள். 'எண்டு' என்று பாடினால் 'எண்டு'. அதை 'என்று' ஆக்கினால் பாடுபவரின் ஊர் பாட்டிலிருந்து வெளியே போய்விடும். கவி பெரும்பாலும் கேள்வியும் பதிலுமாக வரும், ஆண் ஒன்று பாடினால் பெண் ஒன்று பாடுவாள். உங்களுக்குக் கிடைத்ததில் ஒரு குரல் மட்டும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் பயிற்சிப் பாட்டில் மச்சானின் பதில் கவி இல்லை. ஒரு கை மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்லைப் பிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். தெரியாத சொல் நம்மை ஏமாற்றாது, அகராதியை எடுத்துவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் கழுத்தை அறுக்கும். மச்சி அப்படி ஒன்று. 'சேரி' இன்னொன்று. மட்டக்களப்பில் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும். ஒன்று கோவலன் பக்கம், ஒன்று கண்ணகி பக்கம். பாட்டில் 'தென்சேரிப் பெண்ணே' என்று வந்தால் நம் நகரத்து அர்த்தத்தை அதன் தலையில் கட்டிவிடக் கூடாது. 'கச்சான்' என்றால் ஈழத்தில் வேர்க்கடலையும்தான், மேற்கே இருந்து வரும் காற்றும்தான். காற்றுப் பெயர்களில் சந்தேகம் வந்தால் காசிமேட்டிலோ ஊரூர் குப்பத்திலோ கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அகராதியைவிட அவர்கள் சீக்கிரம் சொல்வார்கள்.

அகராதி என்று எடுத்தால், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்குகளைத் தனியாகக் குறித்துப் பொருள் தருகிறது. பழைய சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி இருக்கிறது. இரண்டும் போதும், ஆனால் இரண்டுக்கும் மேலே ஓர் ஆள் வேண்டும். என் கவிகளை அந்த அம்மாவிடம் காட்டினேன். முதல் வரியில் 'வயல்' என்றும் அடுத்த வரியில் 'ஏரி' என்றும் எழுதியிருந்தேன்.

"ஏரி எங்கட பக்கத்தில இல்லைத் தம்பி, அது வாவி. வயல் பரந்து கிடந்தா வட்டை. ஓலை எண்டு வேற எழுதியிருக்கிறீங்க. தென்னோலையைப் பின்னிட்டா அது கிடுகு" என்றார்.

மூன்று கவிக்கு மூன்று திருத்தம். செம்பரம்பாக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு மட்டக்களப்பைப் பாடினால் இப்படித்தான் ஆகும்.

நிலத்தை விரியுங்கள்

ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவி கடற்கரைக்கு இணையாக வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் நடுவே உள்ள கிழக்குக் கரை எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். மேற்கே உள்நாட்டுப் பக்கம் படுவான்கரை, சூரியன் படும் பக்கம். ஊர்களும் நகரமும் நெருக்கமாக இருப்பது எழுவான்கரையில். அகன்ற வயல்கள் படுவான்கரையில். ஆக, வாவியைத் தாண்டுவது அங்கே சாகசமே இல்லை. விதைப்புக்குத் தாண்டு, காவலுக்குத் தாண்டு, அறுவடைக்குத் தாண்டு. தோணி என்பது நம் ஊர்ப் பேருந்து மாதிரி. காதல் கவிகளில் தோணியும் துடுப்பும் அக்கரையும் அடிக்கடி வருவதற்குக் காரணம் இந்த அன்றாடப் போக்குவரத்துதான்.

போர் வந்ததும் அந்த வாவியே எல்லை ஆனது. நகரமும் எழுவான்கரையும் படையினரின் பிடியில், படுவான்கரை நெடுங்காலம் விடுதலைப் புலிகளின் பிடியில். 2007இல் அரச படைகள் கிழக்கை முழுவதும் கைப்பற்றும் வரை ஏறக்குறைய இந்த நிலைமைதான். பாட்டி காலத்தில் 'மச்சான் வாவி தாண்டிப் போனான்' என்றால் நெல்லுக்குக் காவல் போனான், விடிந்தால் வருவான். அதே வரியைப் பேத்தி பாடினால் அவன் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போனான், வருவானா என்று யாராலும் சொல்ல முடியாது. வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மண்முனையில் வாவிக்கு மேல் பாலம் திறந்தது 2014இல், போர் முடிந்து ஐந்து வருடம் கழித்து. இன்று அதில் மோட்டார் சைக்கிளில் சில நிமிடத்தில் கடந்துவிடுகிற பையனுக்கு இந்தக் கவியை விளக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது வீடு. இரண்டாம் கவியை நம் ஊர் வழக்கப்படி படித்தால், பாவம், ஒரு பெண்ணின் வீடு அழிந்துவிட்டது என்று முடித்துவிடுவோம். மட்டக்களப்புப் பகுதியில் குடி வழி தாயைப் பின்பற்றி வருகிறது. வீடும் வளவும், அதாவது வீட்டைச் சுற்றிய நிலமும், பெண்ணுக்குச் சீதனமாகப் போகும், கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். கூரைக்குக் கிடுகு பின்னுகிறாள் என்றால் அவன் வந்து ஏறப்போகிற வீட்டைத் தயார் செய்கிறாள் என்று பொருள். கல்யாணத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது என்பதை அவள் கிடுகாகச் சொல்கிறாள். 'வந்து நிப்பாய் எவ்விடத்தில' என்ற கேள்வி அங்கேதான் கனக்கிறது. வீடு போனதோடு மாப்பிள்ளை என்று அவன் வந்து நிற்க வேண்டிய வாசலும் போய்விட்டது. அவன் உயிரோடு திரும்பினாலும் எந்த முறையில், எந்த இடத்தில் நிற்பான்?

இந்த ஒரு வழக்கம் தெரியாமல் போனால் பாட்டின் பாதி போச்சு. எந்த ஊர்ப் பாட்டை எடுத்தாலும், கல்யாணம் ஆனால் யார் யார் வீட்டுக்குப் போவார்கள் என்பதை முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

காலத்தைக் கண்டுபிடிப்பது

சில சொற்கள் தேதி முத்திரை மாதிரி. 'ஜாம் போத்தல் விளக்கு' என்று வந்தால் யாழ்ப்பாணம், 1990களின் முதல் பாதி. மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிதான காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்து அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். 'கிளாலி' என்று வந்தால் அதே காலம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வெளியே போகத் தரைவழி இல்லாமல் கிளாலிக் கடல் நீரேரியை இரவில் படகில் கடந்த நாட்கள் அவை. கூட்டம் கூட்டமாக ஒரே நாளில் வீதியில் நடக்கிற காட்சி யாழ்ப்பாணப் பாட்டில் வந்தால் 1995 அக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமம் பகுதி காலியான இடப்பெயர்வை முதலில் யோசியுங்கள். சென்றி (காவல் நிலை), பங்கர் (பதுங்கு குழி), செல் (பீரங்கிக் குண்டு), ஆமி (ராணுவம்) போன்ற சொற்கள் போர்க்காலம் என்று காட்டும், அதற்கு மேல் நெருங்கிச் சொல்லாது.

மழையைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி. மட்டக்களப்புக்கும் சென்னைக்கும் பெருமழை வருவது ஒரே வடகிழக்குப் பருவக்காற்றில்தான். ஐப்பசி, கார்த்திகை என்றால் அங்கேயும் அடைமழை, விதைப்பு முடிந்திருக்கும். மாசி, பங்குனியில் அறுவடை. 'மாரி மூணு போச்சு' என்று பாடினால் மூன்று விளைச்சல் போனது என்றும் கணக்கு.

ஆனால் ஒரு சொல்லை வைத்து ஒரு பாட்டுக்கே வயது சொல்லிவிடாதீர்கள். பழைய கவிக்குள் புதிய சொல் நுழைவது சாதாரணம். என் பாட்டின் முதல் கவியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது போர்ப் பாட்டு என்பதற்கு அதில் என்ன சாட்சி இருக்கிறது? ஒன்றும் இல்லை. காவலுக்குப் போனவனுக்குக் காய்ச்சல் கண்டிருக்கலாம். வாவியில் முதலை உண்டு. இரண்டாம் கவியில் கூரை போனதற்கும் புயல் காரணமாக இருக்கலாம். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியில் மட்டக்களப்பு கூரை இழந்து நின்றது. மூன்றாம் கவிக்கு வந்த பிறகுதான் கனம் போர்ப் பக்கம் சாய்கிறது. புயலுக்குப் பயந்து யாரும் காதலன் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை.

சங்கப் பாட்டை எந்த அளவுக்குக் கொண்டுவரலாம்

தமிழ் படித்தவர்களுக்குக் கை உடனே திணைப் பட்டியலுக்குப் போகும். பிரிவா, பாலை என்று எழுதிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். தோணியும் வாவியும் ஏங்கும் பெண்ணும் நெய்தலாகத் தெரிகின்றன, வட்டையும் நெல்லும் மருதம். பெயர் ஒட்டுவதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

கிடைப்பது வேறு ஓர் இடத்தில். தொல்காப்பியம் 'ஓதல் பகையே தூதிவை பிரிவே' என்கிறது. படிப்பு, பகை, தூது என்று மூன்று பிரிவு. பகை வழியாகப் பிரிந்தவன் பாசறையில் இருப்பான், கார்காலம் வந்ததும் தேரைத் திருப்புவான். முல்லைப்பாட்டின் நூற்று மூன்று வரிகளும் இந்த நம்பிக்கையில் நிற்பவை. காத்திருப்பவளுக்கு அவன் எங்கே இருக்கிறான், எவனோடு சண்டை, எப்போது வருவான் என்ற மூன்றும் தெரியும். உள்நாட்டுப் போரில் அந்த மூன்றும் அவளுக்குத் தெரியாது. பாசறைக்கு விலாசம் இல்லை. பகைவன் பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சில் இருந்தவனாக இருக்கலாம்.

இன்னொரு சூத்திரமும் வேண்டும். 'மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.' அகப்பாட்டில் காதலருக்குப் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். நாட்டார் கவியும் அதே வழியில் மச்சான், மச்சி என்று முறை சொல்லி நிறுத்திக்கொள்ளும். 'பேர் சொல்லிக் கூப்பிட்டா' என்று மூன்றாம் கவி தொடங்கும்போது மரபு சொன்ன அதே காரியத்தைத்தான் அவள் செய்கிறாள், பெயரை மறைக்கிறாள். ஆனால் மரபுக்காக மறைக்கவில்லை, யாருக்கோ பயந்து மறைக்கிறாள். உள்நாட்டுப் போரில் பாடுகிறவளுக்கு அகமரபு நல்ல ஒளிவிடம். பெயர் இல்லாமல் பாடினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பாட்டு என்றாலே அப்படித்தானே! மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதாகச் சொல்லும் நிலா இரவில், அந்தச் சத்தத்தோடு தன் குரலையும் கலந்துவிடுகிறாள். பெயர் இல்லாத ஒரு காதல் பாட்டு வந்தால் அது மரபின் மௌனமா, பயத்தின் மௌனமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல பாட்டில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

பிரித்தவன் யார்?

பாட்டு சொல்லவில்லை என்றால் நீங்களும் சொல்லாதீர்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான விளக்கங்கள் தடம் புரள்கின்றன. சென்னையில் உட்கார்ந்து படிக்கிற நம் கையில் ஒரு விடை ஏற்கெனவே தயாராக இருக்கும், பாட்டுக்குள் அதை வைத்து மூடிவிடுவோம்.

மச்சான் திரும்பாததற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று எழுதிப் பாருங்கள். படையினர் பிடித்திருக்கலாம். தானே ஆயுத இயக்கத்துக்குப் போயிருக்கலாம், அல்லது இயக்கம் கட்டாயமாகச் சேர்த்திருக்கலாம். 1990இல் அதே மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பலியான படுகொலைகள் நடந்தன, அடுத்தடுத்த ஊர்கள் ஒன்றையொன்று பார்க்கப் பயந்தன. இருவர் வெவ்வேறு ஊராக இருந்திருந்தால் அதுவே போதும். 2004இல் புலிகள் அமைப்பு கிழக்கில் இரண்டாக உடைந்து ஒருவரையொருவர் சுட்டார்கள். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையும் அங்கே இருந்தது. இந்தக் கடைசி வாய்ப்பு நமக்கு எப்போதும் கடைசியாகத்தான் ஞாபகம் வரும். கவியைத் தமிழரும் முஸ்லிம்களும் பாடினார்கள் என்று முடிந்துவைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். மச்சான் என்ற சொல்லை வைத்து அவன் யார் என்று முடிவு கட்ட முடியாது.

இன்னொரு மௌனமும் உண்டு. இறந்தவருக்கு ஒப்பாரி இருக்கிறது. காணாமல் போனவருக்கு? ஒப்பாரி வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். பொட்டை அழிக்காமல் இன்றும் காத்திருக்கிற பெண்கள் அங்கே இருக்கிறார்கள். காதல் கவி என்ற பெயரில் கிடைக்கிற சில பாட்டுகள், வைக்க முடியாத ஒப்பாரியாக எனக்குக் கேட்கின்றன. இது என் அபிப்பிராயம். 'எங்க விட்டதுவோ' என்று தோணியைக் கேட்கிறாளே தவிர, ஆளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா?

சென்னையில் எங்கே தேடுவது

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், அதே பக்கத்தில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், எழும்பூரில் கன்னிமரா. ஈழத்து நூல்களுக்கு வீட்டிலிருந்தே நூலகம் என்ற இணைய நூலகத்தைத் திறக்கலாம், பழைய நாட்டார் பாடல் தொகுப்புகளும் சிறுசஞ்சிகைகளும் அங்கே படம் பிடித்து வைக்கப்பட்டுள்ளன. போருக்கு முந்தைய தொகுப்பு ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 1983க்கு முன்னால் தோணி எப்படிப் பாடப்பட்டது என்று தெரியாமல் அதற்குப் பிறகு என்ன ஆனது என்று சொல்ல முடியாது.

புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. பாட்டுச் சேகரிக்கிறேன் என்று போனை நீட்டிக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள். உள்ளே போக அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம். எத்தனையோ விசாரணைக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்களிடம் 'யாரை நினைத்துப் பாடுகிறீர்கள்' என்று கேட்பதும் இன்னொரு விசாரணைதான். பழக்கம் உள்ள வீட்டில், அவர்களாகப் பாடும்போது கேளுங்கள். எழுதிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எழுத உட்காரும்போது

மூன்று பத்தி போதும். முதல் பத்தியில் பாட்டு என்ன சொல்கிறது என்பதை உங்கள் சொந்தத் தமிழில். இரண்டாவதில் நிலமும் வழக்கமும் சேர்ந்தால் கூடுதலாக என்ன தெரிகிறது. மூன்றாவதில் எது சொல்லப்படவில்லை. மூன்றாவது பத்தியில் 'இருக்கலாம்' என்ற சொல் நாலைந்து தடவை வந்தாலும் பரவாயில்லை, வெட்டாதீர்கள். பாடியவரின் பெயரையும் ஊரையும் அவர் சம்மதித்தால் மட்டும் போடுங்கள். சம்மதித்தாலும் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள்.

எழுதியதை அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் வெளியே விடாதீர்கள். மூன்றாம் கவிக்கு நான் எழுதி வைத்திருந்த விளக்கம் இது: பெருந்தெருவில் படையினர் ரோந்து வருவார்கள், அவர்கள் காதில் விழக் கூடாது என்று பயப்படுகிறாள். அந்த அம்மாவிடம் வாசித்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டவர் கையை நிறுத்தினார்.

"பெருந்தெருவில நிக்கிறது ஆரெண்டு எங்களுக்குத் தெரியும் தம்பி. ஒழுங்கையில நிண்டவன்தான் ஆரெண்டு தெரியாது."

ஒழுங்கை என்றால் சந்து. பிரித்தவனைப் பாட்டுக்குள் வைத்து மூடாதீர்கள் என்று உங்களுக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, நானே பெருந்தெருவில் ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். வரியை மாற்றிவிட்டேன், மோனைகூடக் கெடவில்லை:

பேர் சொல்லிக் கூப்பிட்டா
பின்னொழுங்கை கேட்குமெண்டு